வாடை வந்த வழி

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்து ஒரு வாரம். இந்த வருடமும் ஏழாம் வகுப்புக் கணக்கு எனக்குத்தான்.

மாலையில் வந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தபோது சமையலறையில் சாக்கடை வாடை. போன வாரமும் ஒருமுறை வந்தது. மழைக்காற்று கொண்டுவந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இன்று சன்னல் பக்கமிருந்து வரவில்லை. என் மூக்குக்கு நேர் கீழே யாரோ சாக்கடைச் சேம்பர் மூடியைத் திறந்து வைத்தது போல இருந்தது. அழுகிய முட்டை, ஈரச் சாக்கு, தேங்கிய தண்ணீர், எல்லாம் சேர்ந்த நாற்றம். கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. பார்த்தால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், கவனிக்கவில்லை.

அவர் கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டுகிற கடை. வார்னிஷ் வாடையிலேயே பாதி ஆயுள் போன மூக்கு அவருடையது. சட்டையைக்கூட மாற்றாமல் சிங்க் அருகே குனிந்து முகர்ந்தார்.

"ஆமா வசந்தா, லேசா வருது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. பிரமை இல்லை.

ஜூன் 12, வியாழன்

சிங்க்கின் அடிக்குழாயை அவரே கழற்றினார். வளைவில் கடுகு, தலைமுடி, மகள் யமுனாவின் பழைய சட்டைப் பட்டன் ஒன்று. அவள் ஓசூருக்கு வேலைக்குப் போய் எவ்வளவு நாளாகிறது, பட்டன் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. சோடா உப்பும் வெந்நீரும் ஊற்றிக் கழுவினோம்.

ஜூன் 15, ஞாயிறு

பிளம்பர் மாசிலாமணி வந்தார். எங்கள் வீடு கட்டும்போது குழாய் போட்டவர் அவர்தான் என்பதால் எது எங்கே போகிறது என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வெளியே சேம்பர்களைத் திறந்து பார்த்துவிட்டு நேராகப் பின்பக்கக் குளியலறைக்குப் போனார். யமுனா போன பிறகு யாரும் அதில் குளிப்பதில்லை. தரையில் தண்ணீர் போகிற ஓட்டையின் ஜாலியைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்தார்.

"டீச்சர், இங்க பாருங்க. இந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கோணும். புழங்காம உட்டுட்டா காஞ்சு போயிரும். காஞ்சா அந்தப் பக்கத்துக் காத்து அப்படியே மேல ஏறி வந்துரும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க. வாரத்துக்கு ஒருக்கா ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க போதும்."

அவர் போன பிறகும் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊர் முழுக்க ஓடுகிற சாக்கடைக்கும் நாம் சாப்பிடுகிற இடத்துக்கும் நடுவில் ஒரு கை தண்ணீர். கதவில்லை, பூட்டில்லை. எல்லா வீட்டிலும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

ஜூன் 18, புதன்

தண்ணீர் ஊற்றினேன். வாடை வந்தது.

ஜூன் 21, சனி

இன்று காலையிலேயே வந்தது. குளியலறையில் தண்ணீர் நிற்கிறது, சிங்க் சுத்தமாக இருக்கிறது, சேம்பர் மூடிகளைச் சிமென்ட் வைத்து அடைத்தாகிவிட்டது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கச் சமையலறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாலும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வாடைக்குப் பிறகு வேறொன்று வருகிறது. அதை எழுத வேண்டாம்.

தோசைக்கல் கருகிவிட்டது.

ஜூன் 28, சனி

எழுதிவிடுகிறேன். எழுதாமல் வைத்திருப்பது பொய் சொல்வது போல இருக்கிறது.

முதலில் வாடை. பிறகு அடிவயிற்றிலிருந்து ஏதோ எழும்பும், ராட்டினம் உச்சிக்குப் போகும்போது எழும்புவது போல. அது நெஞ்சுக்கு வந்ததும் வாடை ஒரு பொருட்டே இல்லாமல் போய்விடும். எதிரில் என்ன இருக்கிறதோ, இன்று ஓர் எவர்சில்வர் டம்ளர், அது அங்கே இருக்கும். இப்படிச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. டம்ளர் தினமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில், அது அங்கே வந்து இருப்பதற்காகத்தான் இத்தனையும் நடந்தது என்று தெரியும். டம்ளர் விளிம்பில் விழுந்த வெளிச்சம், குழாயில் தொங்கிய சொட்டு, நான் பிறந்தது, என் அப்பா செத்தது, எல்லாம் ஒரு பெரிய வகுத்தலில் ஒன்றுக்குள் ஒன்று போய்ச் சேர்ந்துவிடும். மீதி பூஜ்யம். எத்தனையோ வருடமாக இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். அதற்கு இவ்வளவு பெரிய அர்த்தமா என்று நின்றேன்.

நான் கோயிலுக்குப் போனால் வெளியே விட்ட செருப்பை நினைத்துக்கொண்டிருக்கிறவள். இது எனக்கு ஏன் வருகிறது என்று தெரியவில்லை.

நேரம் கொஞ்சம்தான் இருக்கும். முடிந்ததும் கை நடுங்குகிறது, கண்ணைத் தூக்கம் அழுத்துகிறது.

அவரிடம் வாடையைப் பற்றி மட்டும் சொன்னேன்.

ஜூலை 3, வியாழன்

இரண்டு நாளாக வாடை இல்லை. வேலை முடிந்த பிறகும் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்து, "என்ன தேடற?" என்றார்.

"வாடை வருதான்னு பாக்கறேன்."

அது உண்மைதான்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்றும் இன்றும் அவர் கடையைத் திறக்கவில்லை. கடப்பாரை, சுத்தியலோடு சமையலறையில் இறங்கிவிட்டார். தரைக்கடியில் போகிற குழாயில் எங்கோ வெடிப்பு இருக்க வேண்டும் என்கிறார். மாசிலாமணி வேண்டாம் என்றுதான் சொன்னார். "மூர்த்தியண்ணா, நல்ல டைல்ஸ். இதே மாதிரி இப்பக் கெடைக்காதுங்க." அவர் கேட்கவில்லை. ஆனைமலையில் என் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு வரச் சொன்னபோது முதுகுவலி என்று படுத்தவர், ஒரு நாள் முழுக்கக் குந்தவைத்து உட்கார்ந்து தரையைப் பெயர்த்தார்.

இன்று மதியம் "கெடைச்சிருச்சு" என்று கூப்பிட்டார். மண்ணுக்குள் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. முகமெல்லாம் சிமென்ட் தூசியோடு அவர் சிரித்தார்.

"இனி வராது பாரு."

"நல்லது," என்றேன். எனக்குப் பகீரென்றது. ஏன் என்று எழுத முடியவில்லை.

ஜூலை 10, வியாழன்

பள்ளியில் வந்தது. பக்கத்தில் கழிவறை இருக்கிறது, அங்கிருந்துதான். வகுப்பு மாடியில், கழிவறை மைதானத்துக்கு அந்தப் பக்கம். ஆனாலும் காற்று அடிக்கிற காலம்.

குறை எண்களைக் கூட்டுவது எப்படி என்று எழுதிக்கொண்டிருந்தேன். மறுபடி பார்த்தபோது பலகையில் நான் எழுதிய எண்ணிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கி, பலகை முடிகிற மரச்சட்டம் வரைக்கும் போயிருந்தது. ஏழாம் வகுப்பு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வகுப்பு ரெஜினா டீச்சர் வாசலில் நின்றிருந்தார். பிள்ளைகளில் யாரோ போய்க் கூட்டிவந்திருக்கிறார்கள்.

இடைவேளையில் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"வசந்தாமணி டீச்சர், நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே."

"நான் உங்க தோளைப் பிடிச்சு உலுக்கினேன். நீங்க சேலைக் கொசுவத்தைத் திருகிட்டே, வாய்க்குள்ள எதையோ சப்பற மாதிரி நின்னீங்க. இது ரெண்டாவது தடவை. போன வாரம் ஸ்டாஃப் ரூம்லயும் பாத்தேன். டாக்டர்கிட்ட காட்டுங்க."

வீடு இடித்துப் போட்டிருக்கிறது, தூக்கம் சரியில்லை என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொல்லியிருப்பேன். அவர் அறிவியல் டீச்சர். எதையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டார்.

பலகையைத் துடைக்கும்போது அந்தக் கோட்டைக் கடைசியாகத் துடைத்தேன். நடுங்காமல், ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

குழாயை மாற்றித் தரையை மூடாமல் வைத்திருக்கிறார். வாடை வந்ததா என்று தினமும் கேட்கிறார். வந்தது என்றேன். "எனக்கும் காலைல வந்தாப்பல இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு வரிசை டைல்ஸ் பெயர்த்தார். கூடத்தில் கரண்ட் அடுப்பு வைத்துச் சமைக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

வீட்டில் உட்கார இடமில்லை என்று அவர் ஆழியாறுக்கு அழைத்துப் போனார். அணையின் மேல் நடந்தோம். மழை பெய்து நீர் நிறைந்திருந்தது. மலைப்பக்கமிருந்து காற்று அடித்தது. நின்றால் சேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காற்றில் ஒரு வாடையும் நிற்காது. தண்ணீரின் வாசனைகூட இல்லை.

அங்கே வந்தது. சமையலறையில் வந்த அதே வாடை. அதே முட்டை, அதே சாக்கு.

அதற்குப் பின் அந்த மலை. மேகம் அதன் தோளிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இழையும் தான் போய்ச் சேர வேண்டிய இடத்தை அறிந்தே இறங்கியது. இதற்கு முன் வந்ததெல்லாம் இதற்கு ஒத்திகை என்று தோன்றியது. மலையும் அணையும் நானும் வேறு வேறு என்று எந்தக் கணக்கில் பிரித்தார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு என் மேற்கையை யாரோ நசுக்குவது போல இருந்தது. அவர்தான். நான் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"கூப்புட்டுட்டே இருக்கறேன் வசந்தா. கூப்புட்டுட்டே இருக்கறேன்."

"இங்க சாக்கடை எங்கீங்க இருக்குது?" என்று கேட்டேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. இருவருக்கும் விடை தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

காது மூக்கு தொண்டை டாக்டர். மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, மூக்கில் ஒன்றுமில்லை, தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். சீட்டு எழுதிக்கொண்டே அவரிடம் கேட்டார்.

"வீட்ல வேற யாருக்காவது இந்த வாடை தெரியுதா? உங்களுக்கு?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "இல்லீங்க டாக்டர். எனக்கு ஒரு நாளும் வந்ததில்லீங்க."

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம். நிறையப் பஸ்களை விட்டுவிட்டோம்.

"வருதுன்னு சொன்னீங்களே."

"நீ சொன்னயே. நீ சொன்னா இருக்கும்னு தேடினேன்."

"அந்த வெடிப்பு?"

"கடப்பாரை பட்டது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வராத வாடைக்காக இந்த மனிதர் தன் வீட்டுத் தரையையே பெயர்த்திருக்கிறார்.

"எனக்கு வரலீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க."

"சொல்லியிருந்தா நீ ஒத்தையாத் தேடியிருப்ப."

அணையில் பார்த்த மலையைவிட இது பெரிதா சிறிதா என்று எனக்கு அளக்கத் தெரியவில்லை. முப்பது வருடமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். இவர் யாரென்று எனக்குத் தெரியாதோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 26, சனி

கோவையில் பெரிய ஆஸ்பத்திரி. தலை அறுவைசிகிச்சை டாக்டர் ஹமீது, என் வயதுதான் இருக்கும், நிதானமாகப் பேசினார். கம்ப்யூட்டர் திரையில் என் தலையைக் குறுக்காக வெட்டி வெட்டிக் காட்டினார். வலது பக்கம், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளையாக ஒரு கட்டி.

"மூளை மேல இருக்கிற உறையில வளர்ந்தது. ரொம்ப வருஷமா மெதுவா வளர்ந்திருக்கும். பெரும்பாலும் புற்றா இருக்காது. ஆனா மூளையை அழுத்துது. அழுத்தற இடம் வாசனை தெரியற இடம். அங்க மின்சாரம் தப்பா ஓடறப்போ உங்களுக்குச் சாக்கடை வாடை வருது. இதுவும் வலிப்புதான்மா. கீழ விழுந்து கைகால் இழுக்கிற வலிப்பு மட்டும்தான் வலிப்புன்னு இல்ல."

ஆக, மாசிலாமணி தேடியதும் அவர் இடித்ததும் எல்லாம் வீட்டுக்குள். வாடை இருந்தது எனக்குள். இருந்தது என்றும் சொல்ல முடியாது. அழுகிய பொருள் எதுவுமே இல்லாமல், ஒரு துளிக் காற்றும் இல்லாமல், அவ்வளவு பெரிய சாக்கடையை என் மண்டை தானாகவே உண்டாக்கியிருக்கிறது. பயப்பட வேண்டிய நேரத்தில் நான் வாய் பிளந்து அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாடை தவிர வேற ஏதாவது தெரியுமா? பயம், ஏற்கெனவே பாத்த மாதிரி, இப்படி?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இல்லீங்க டாக்டர்," என்றேன்.

செப்டம்பரில் அறுவைசிகிச்சை. அதுவரை காலையும் இரவும் மாத்திரை. தனியாகப் படி ஏறக்கூடாது, அடுப்புப் பக்கம் தனியாக நிற்கக்கூடாது. பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

ஆகஸ்ட் 2, சனி

மாத்திரை தொடங்கியதிலிருந்து வாடை இல்லை. யமுனா தினமும் போனில் கேட்கிறாள். "இன்னிக்கும் வரலயாம்மா? சூப்பர்மா."

மற்றதும் வரவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

டம்ளர் டம்ளராக இருக்கிறது. குழாய் குழாயாக இருக்கிறது. நாற்பது நாளுக்கு முன் இதே சன்னல் வழியாக வந்த வெயில்தான். அதில் தூசி பறக்கிறது, அவ்வளவுதான்.

கட்டியை எடுத்துவிட்டால் அதுவும் நிரந்தரமாகப் போய்விடும். ஒரு கட்டி என்னிடம் இருப்பதில் எனக்கு இவ்வளவு ஆசை இருக்கும் என்று யாரிடம் சொல்ல முடியும். ஊரில் எத்தனையோ பேர் அதைத் தேடி மலை ஏறுகிறார்கள், விரதம் இருக்கிறார்கள். எனக்கு அது சாக்கடை வழியாக வந்தது. அதனால் பொய்யாகிவிடுமா?

ஆகஸ்ட் 13, புதன்

அவர் இரவு மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டார். தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலை மாத்திரை சாப்பிட்டேன் என்று இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வந்தது. மொட்டை மாடியில் காய்ந்த துணி எடுக்கப் போனபோது. அவருடைய வேட்டி ஒன்று காற்றில் உப்பி, அடங்கி, உப்பி. அழுதுகொண்டே நின்றேன். யாரும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோவை ஆஸ்பத்திரி. நாக்கு கடிபட்டிருக்கிறது, பேச முடியவில்லை, எழுத முடிகிறது. பேனாவை விரல்கள் சரியாகப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை மறுபடியும் மாடிக்குப் போயிருக்கிறேன். படியில் கால் வைத்தது வரை ஞாபகம் இருக்கிறது. வாடை வந்தது. வயிற்றில் எழும்பியது. அதன் பிறகு வெளிச்சம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. மறந்து வைத்துவிட்டுப் போன கடைச் சாவியை எடுக்க வீட்டுக்கு வந்த அவர், படி வளைவில் நான் கைகால் இழுத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். தலை சுவரில் மோதாமல் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாராம். அவர் இடது கையில் என் பல் பட்ட காயத்துக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். வாய்க்குள் விரல் விடக்கூடாது என்று நர்ஸ் திட்டியிருக்கிறார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கொஞ்சம் பேச வருகிறது. மாத்திரையைச் சாப்பிடவில்லை என்று நானே அவரிடம் சொன்னேன். தெரியும் என்றார். ரத்தப் பரிசோதனையில் மருந்தே இல்லை என்று டாக்டர் அன்றே சொல்லிவிட்டாராம். ஒரு வாரமாகத் தெரிந்துகொண்டுதான் எனக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறார்.

"ஏன்னு மட்டும் சொல்லு," என்றார்.

சொன்னேன். டம்ளரை, மலையை, வேட்டியை. மீதி பூஜ்யத்தை. நடுவில் ஒரு தடவைகூட அவர் குறுக்கிடவில்லை. பைத்தியம் என்று நினைப்பாரோ என்று முகத்தையே பார்த்தேன். அப்படி இல்லை. பழுதான மோட்டாரைக் காதருகே வைத்துக் கேட்பாரே, அப்படிக் கேட்டார்.

"அவ்வளவு நல்லா இருக்குமா?"

"ஆமாங்க."

கையில் கட்டின் நுனி அவிழ்ந்திருந்தது, அதை உள்ளே செருகினார்.

"அதுல நான் இருப்பனா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்காக அவர் எவ்வளவோ நாள் சொன்னார். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் பொய் எழும்பவில்லை. யோசித்துப் பார்த்தேன். அவருடைய வேட்டி இருந்தது. அவர் இல்லை. அணையில் பக்கத்திலேயே நின்று கூப்பிட்டிருக்கிறார், அந்தக் குரல்கூட உள்ளே வரவில்லை. அங்கே யாருமே இல்லை. யாரும் தேவைப்படவும் இல்லை.

"இல்லீங்க," என்றேன்.

"செரி," என்றார். மூடியைத் திறந்து கஞ்சி ஆறிவிட்டதா என்று பார்த்தார்.

ஸ்பூனை அவர் கையிலிருந்து வாங்கி நானே குடித்தேன். குடித்து முடித்துவிட்டு, அறுவைசிகிச்சையை இன்னும் முன்னால் வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னேன்.

செப்டம்பர் 3, புதன்

நாளைக்கு. யமுனா வந்துவிட்டாள். தலையில் ஒரு பக்கம் மட்டும்தான் மழிப்பார்கள் என்று தெரிந்ததும் மறுபக்கத்துக்கு இப்போதே ஒரு பின்னல் போட்டு விட்டாள். மாத்திரையை அவள் முன்னால் விழுங்கி வாயைத் திறந்து காட்டினேன். சிரித்தாள், பிறகு வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள்.

ரெஜினா டீச்சர் போன் செய்தார். அன்றைக்குக் கோபப்பட்டதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். "எதை டீச்சர்?" என்றார்.

பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

இருக்கிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வீடு. கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். புற்று இல்லை. வலது கண் இன்னும் பாதி மூடியே இருக்கிறது. தாடை வலிக்கிறது, சாதத்தைக் குழைத்துத்தான் சாப்பிட வேண்டும். சமையலறைக்கு வேறு நிறத்தில் டைல்ஸ் போட்டிருக்கிறார். பழைய டைல்ஸோடு சேரவில்லை.

பிற்பகலில் சன்னல் ஓரம் உட்கார்ந்து அழுதேன். தையல் வலிக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். வேறு எதுவும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செத்துப்போனவர்களுக்கு அழுவது போல அதற்காக அழுதேன். அவரும் அதற்குத் துக்கம் கேட்க வந்தவர் போலவே உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 18, சனி

டாக்டர் ஹமீதிடம் காட்டப் போனோம். நடக்கச் சொன்னார், விரலைப் பின்தொடரச் சொன்னார். காபித்தூள், சோப்பு என்று இரண்டு டப்பாக்களை முகரக் கொடுத்தார். சரியாகச் சொன்னேன்.

எழுந்திருக்கும் நேரத்தில், அது என்ன என்று கேட்டேன். வாடைக்குப் பின்னால் வந்ததைப் பற்றி அன்றைக்கு உங்களிடம் மறைத்தேன் என்று சொல்லி, சுருக்கமாக அதையும் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அறுவைசிகிச்சையை வீடியோ எடுத்திருக்கோம். பாக்கறீங்களா? சில பேருக்குப் பிடிக்காது."

அவர் என் பக்கம் திரும்பினார். பார்க்கிறேன் என்றேன்.

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கட்டியை எடுத்து முடித்த பிறகு எடுத்ததாம். முதலில் ஒரு குழி தெரிந்தது. குழியின் சுவர் சாம்பலும் இளஞ்சிவப்புமாக, ஈரமாக இருந்தது. அதன் மேல் நூல் நூலாக ரத்தக்குழாய்கள் ஓடின. பிறகுதான் கவனித்தேன். அது அசைந்தது. மெல்ல எழும்பி, மெல்ல அடங்கியது.

"இதயம் துடிக்கிறதுக்கு ஏத்த மாதிரி மூளையும் அசையும்," என்றார் டாக்டர். "கட்டி இருந்தவரைக்கும் இந்த ஓரம் அசைய இடமில்லாம நசுங்கிக் கிடந்துச்சு. இடம் கிடைச்சதும் கொஞ்சம் கொஞ்சமா நிமிர ஆரம்பிக்குது, பாருங்க."

பென்சில் முனையால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "வாசனை இங்கதான். பக்கத்துலயே பயம், ஞாபகம், சந்தோஷம்."

"நான் பாத்ததும் இங்கதானுங்களா?"

"இங்க ஆரம்பிச்சிருக்கும். அது என்னன்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாதும்மா. இதைத் தினமும் திறந்து பாக்கறேன். எனக்குத் தெரியாது."

திரையில் பார்த்தேன். அதில் வெளிச்சம் எதுவும் இல்லை. மலை இல்லை, டம்ளர் இல்லை. கசாப்புக் கடையில் தொங்குவது போன்ற சதைதான். பெருக்கல் வாய்ப்பாடு முழுவதும் இதில்தான் இருக்கிறது. அப்பாவின் முகம் இதில் இருக்கிறது. யமுனா பிறந்த அன்று பெய்த மழை இதில் இருக்கிறது. இவர்மேல் எனக்கு இருப்பதும் இதில் எங்கோ ஒரு மடிப்பில் இருந்து அசைந்துகொண்டிருக்கிறது. நான் மயங்கிக் கிடந்த நேரத்திலும் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது நிற்கவில்லை. இப்போது கண் வழியாக அதைப் பார்த்து ஆச்சரியப்படுவதும் அதுவேதான்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு வெகு அருகில் குனிந்திருந்தார். மூக்கு முட்டிவிடும் போல.

"டாக்டர், இது பொறந்ததுல இருந்து இப்படியே ஆடிட்டுத்தான் இருக்குதுங்களா?"

"ஆமா. ஒரு நொடிகூட நிக்காம."

வீடியோ முடிந்து திரை கறுத்தது. வெளியே நோயாளிகள் நிறையப் பேர் காத்திருந்தார்கள். நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னொருக்காப் போடுங்க டாக்டர்," என்றார் அவர்.

டாக்டர் போட்டார்.